பதவி: சமையலர்

கோச்சின் மாமனார் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் உடனே படிக்கமாட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பிறகு முத்திரையைப் பார்ப்பார். பிறகு தேதி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குக் கடைசி விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் புறங்கையால் தள்ளிவிட்டு மூன்று தாள்களை வரிசையாக வைத்தார். வெளியே விடாமல் மழை. கோச் அன்றைக்குப் பயிற்சியை ரத்து செய்திருந்தார். மழை நாளில் அவர் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் தொந்தரவு. நாற்காலிகளை ஆட்டக்காரர்கள் மாதிரி நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாப்பிள்ளை, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"என்ன மாமா இது? பொண்ணக் குடுத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"கோச். காலேஜ்ல கூடைப்பந்து கோச்."

"அப்படின்னு இதுல எதுலயும் இல்லையே."

மாமனாரின் மகள், கோச்சின் மனைவி, அடுப்பருகே முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிற வேலை. நாள் முழுக்க 'கடைசி வரியப் படிங்க' என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அப்படித்தான்.

"நல்லாப் பாருங்கப்பா. கீழ கடைசி வரில இருக்கும்."

"கடைசி வரில, 'இவர் காலத்தில் செடிகள் நன்கு வளர்ந்தன' அப்படின்னு போட்டிருக்கும்மா."

விஷயம் இதுதான். கல்லூரியில் பத்து வருஷத்துக்கு மேல் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களை நிரந்தரமாக்கப்போகிறார்கள். நேர்முகத் தேர்வு உண்டு. எந்தப் பதவியில் பத்து வருஷ அனுபவமோ அந்தப் பதவிதான். வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. கோச்சுக்கு நாற்பத்தைந்து முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள். மாமனார் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார்.

கோச் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். மாணவிகள், தெருவில் பால் போடுகிறவர், பல் மருத்துவர், எல்லோரும். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குக் கீழே அதுதான். ஆனால் கல்லூரிகளில் அப்படி ஒரு பதவி கிடையாது, இருந்தாலும் காலியாக இருக்காது. முதல்வர்களுக்குக் கோப்பை வேண்டும். கோப்பைக்கு கோச் வேண்டும். அதனால் எந்த நாற்காலி காலியோ அதில் அவரை உட்காரவைத்து, 'பேப்பர்லதான் இது, அடுத்த வருஷம் மாத்திடலாம்' என்பார்கள். அடுத்த வருஷம் என்பது அவர் வாழ்க்கையில் இருபத்திரண்டு தடவை வந்துவிட்டது.

கடைசி வருஷப் படிப்பில் வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்குத் தாவி இறங்கும்போது இடது முட்டி போயிற்று. ஆட முடியாதவனை அந்தக் கல்லூரி கோச்சாக வைத்துக்கொண்டது. காலியாக இருந்தது தோட்டக்காரர் பதவி. அங்கே ஐந்து வருஷம். பிறகு அதைவிடப் பெரிய கல்லூரி. அங்கே நூலக உதவியாளர், ஆறு வருஷம், மூன்று கோப்பை. சான்றிதழில் கோப்பை இல்லை. 'இவரது பணிக்காலத்தில் இரு நூல்கள் காணாமற்போயின' என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கல்லூரி, பெண்கள் அணி, பதினோரு வருஷம். பதவி: சமையலர்.

"சமையலரா?" என்றார் மாமனார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல்.

"ஹாஸ்டல் மெஸ்ஸுல ஒரு போஸ்ட் காலியா இருந்துச்சு மாமா."

"அப்ப உண்மையான சமையல்காரர்?"

"அவரு கோச்சா இருக்காரு."

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அது இப்படி நடந்தது. ஹாஸ்டல் திறந்தபோது முதலில் வந்தது கூடைப்பந்துப் பயிற்சியாளர் பதவிக்கான அனுமதி. சமையலருக்கு வரவில்லை. நூற்றியெண்பது பெண்கள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல்வர் யோசிக்கவில்லை, நல்ல சமையல்காரர் ஒருவரைப் பிடித்துப் பயிற்சியாளர் பதவியில் போட்டார். நாலு மாதம் கழித்து சமையலருக்கு அனுமதி வந்தது. அதற்குள் கூடைப்பந்துத் தளம் தயாராகிவிட்டது. கோச்சைச் சமையலர் பதவியில் போட்டார்கள். மாற்றிப் போட ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தை யார் எழுதுவது என்பதில்தான் பதினோரு வருஷம் போயிற்று.

"ஆக, நம்ம வீட்ல ஒரு தோட்டக்காரர், ஒரு லைப்ரரிக்காரர், ஒரு சமையல்காரர்" என்றாள் மனைவி, உப்பைத் தூவிக்கொண்டே. "நான் கட்டிக்கிட்ட ஆள மட்டும் காணோம்."

"பழைய காலேஜுக்குப் போங்க" என்றார் மாமனார். "பேரு எதுவா இருந்தாலும் பாத்தது கோச் வேலைதான்னு ஒரு லெட்டர் வாங்குங்க. அங்க அஞ்சு, லைப்ரரில ஆறு, ஆகப் பதினொண்ணு. ஒரு முத்திரை இருந்தா நான் மிச்சத்தப் பாத்துக்கறேன்."

முதல் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். தனியாக அனுப்பினால் அவர் விளையாட்டு மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர் அம்மா. கையில் பாதி உரித்த வாழைப்பழம். பதிவேட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, பழத்தையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா, இருக்கு. தோட்டக்காரர். அஞ்சு வருஷம். அதுக்கென்ன இப்ப?"

"நான் தோட்ட வேலை பாக்கலங்க. கோச்சா இருந்தேன்."

"தோட்டக்காரர் சம்பளத்துல?"

"ஆமாங்க."

"அப்படி எழுதிக் குடுத்தா, அஞ்சு வருஷம் தோட்டத்த யாரு பாத்தாங்கன்னு தணிக்கைல கேப்பாங்க. யாரு பாத்தா?"

கோச் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "யாரும் பாக்கலங்க."

"இத எழுதவா?"

"வேண்டாங்க" என்றாள் மனைவி அவசரமாக.

"செடிக நல்லா வளந்துச்சுன்னு போட்டிருக்கே."

"ஒரே ஒரு ரோஜாச் செடி இருந்துச்சுங்க. அதுவும் பந்து விழுந்து போயிடுச்சு."

"ஐயா, நீங்க வாயத் தொறக்காம இருந்தா உங்களுக்கு நல்லது" என்றார் எழுத்தர் அம்மா. "வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. வராந்தாவுல கோப்பை அலமாரி இருக்கு. அதுல அந்தக் காலத்து போட்டோ இருந்தா போன்ல படம் எடுத்துக்கோங்க. அதுல யாரு என்னன்னு எழுதியிருக்கும். எழுதினது எழுதினதுதானே."

இதை முதலிலேயே யோசிக்காமல் போனோமே என்று கோச் கிட்டத்தட்ட ஓடினார். முட்டி வலித்ததுகூடத் தெரியவில்லை. அலமாரிக் கண்ணாடியில் தூசி. கைக்குட்டையால் துடைத்தார். இருந்தது. பன்னிரண்டு பேர், நடுவில் கோப்பை, ஓரத்தில் விசிலோடு அவர். தலை நிறைய முடி.

"நீங்களா இது? பாவம், எவ்வளவு ஒல்லியா இருக்கீங்க!" என்றாள் மனைவி. பிறகு வேலைப் பழக்கத்தில் கண் தானாகக் கடைசி வரிக்குப் போயிற்று.

நிற்பவர்கள் பெயர், அமர்ந்திருப்பவர்கள் பெயர், முதல்வர் பெயர், எல்லாம் அழகான எழுத்தில் இருந்தது. வரி முடிகிற இடத்தில்: வலது ஓரம், தோட்டக்காரர்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அலமாரியில் சாய்ந்தாள். உள்ளே கோப்பைகள் ஆடின. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நாலாக மடித்துவிட்டார், இன்னும் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ஒண்ணும் இல்ல."

"எனக்குத் தெரியும் நீங்க யாருன்னு."

"உனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்" என்றார் கோச். "ஒரே ஒரு பேப்பருக்குத் தெரிஞ்சா போதும்னு பாக்கறேன். ஒண்ணே ஒண்ணு."

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் வேர்க்கடலை தின்றார்கள். நூலகக் கல்லூரிக்குப் போகவில்லை. தொலைபேசியில் கேட்டபோது அவர்கள் அந்த இரண்டு புத்தகங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஹாஸ்டல் சமையலறை தளத்தை ஒட்டி இருந்தது. பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு மேலே அகலமான ஜன்னல். அதில் நின்றால் வலதுபக்க வளையம் முழுசாகத் தெரியும். மறுநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து கோச் உள்ளே போனபோது, மாஸ்டர் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சமையல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பெரிய உடம்பு, சின்னக் குரல். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வெங்காயமா மாஸ்டர்?"

"பாதி வெங்காயம், பாதி இது" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். நேர்முகத் தேர்வுக் கடிதம். 'கூடைப்பந்துப் பயிற்சியாளர் பதவிக்கு.' "கோச் சார், சத்தியமா நான் கேக்கல. அவங்களா அனுப்பியிருக்காங்க. நான் போயி வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்?"

"அனுப்பிடுவாங்க. எனக்குன்னு இருக்கறது இந்தப் பதவி ஒண்ணுதானே."

"அப்புறம் சமைக்கறது யாரு?"

"பேப்பர் படி நீங்கதான்."

கோச் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோல் உரிக்கப் பார்த்தார். மாஸ்டர் அதைப் பிடுங்கி வைத்தார். "விடுங்க சார், பாதி வெங்காயம் தோலோட போகுது."

"எனக்கும் லெட்டர் வந்திருக்கு" என்றார் கோச். "சமையலர் பதவிக்கு."

"போவீங்களா?"

"வீட்ல போகச் சொல்றாங்க. மாமனார் என்ன சொல்றாரு தெரியுமா? 'மாப்பிள்ளை, முதல்ல உள்ள நுழைங்க, என்னவா நுழையறீங்கங்கறத உள்ள போயி பாத்துக்கலாம்'ங்கறாரு. நானும் இருபத்திரண்டு வருஷமா அதத்தானே பண்றேன்."

"நான் என்ன சார் பண்றது அங்க? செஞ்சு காட்டச் சொல்வாங்களாமே."

"தெரியாதுன்னு சொல்லுங்க."

மாஸ்டர் வெங்காயத்தைப் பார்த்தபடி, "தெரியாதுன்னு சொல்ல முடியாது சார்" என்றார். கோச் அதை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். கல்லூரி முதல்வர். பதிவாளர் அம்மா, சின்ன உருவம், பேனாவை மூடாமலே வைத்திருப்பவர். வெளியிலிருந்து வந்த விளையாட்டுத் துறைப் பேராசிரியர் ஒருவர். கோச்சும் மாஸ்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே நன்றாகச் சவரம் செய்திருந்தார்கள். மாஸ்டர் தன் வெள்ளைத் தொப்பியை மடித்துக் கையில் வைத்திருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொண்டுவந்துவிட்டார்.

முதலில் கோச்சைக் கூப்பிட்டார்கள்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் சமையல்காரன் இல்ல. நான் கோச்."

"தெரியும்" என்றார் பதிவாளர்.

"வெளிய இருக்கறவரு கோச் இல்ல. சமையல்காரர்."

"அதுவும் தெரியும். அவர் செய்யற முட்டை வறுவலத்தான் நான் பதினோரு வருஷமா சாப்பிடறேன். எனக்குத் தெரியறது முக்கியமில்ல சார். கோப்புக்குத் தெரியணும். இந்தக் கோப்ப மாத்தணும்னா ரெண்டு பேரையும் நீக்கிட்டுப் புதுசா விளம்பரம் குடுக்கணும். அதுக்கு எட்டு மாசம் ஆகும். உங்களுக்கு நாப்பத்தஞ்சு எப்ப முடியுது?"

"இன்னும் ஒன்பது நாள்ல."

"அப்ப உக்காருங்க. நூத்தியெண்பது பேருக்குக் காலைல எத்தனை முட்டை?"

கோச்சுக்கு அது தெரியும். அதற்காகவே மெஸ்ஸோடு தினம் சண்டை போடுகிறவர். "முன்னூத்தி எண்பத்தி நாலு" என்றார், யோசிக்காமல்.

பதிவாளர் கணக்குப் போட்டார். "ஆளுக்கு ரெண்டுன்னா முன்னூத்தி அறுபதுதானே வருது."

"டீம்ல பன்னண்டு பேரு மேடம். அவங்களுக்கு நாலு."

முதல்வர் இருமினார். பதிவாளர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து மேசையில் வைத்திருந்த மின்னடுப்பைக் காட்டி, ஏதாவது ஒன்று செய்யச் சொன்னார். கோச் ஆம்லெட் போட்டார். முட்டையை உடைத்தது நன்றாகத்தான் இருந்தது, மணிக்கட்டு வேலை அவருக்குக் கைவந்தது. மிச்சமெல்லாம் கருகிவிட்டது. பேராசிரியர் ஒரு துண்டு எடுத்து மென்றார். வெகுநேரம் மென்றார்.

"இதவிட மோசமா என் வீட்டுக்காரர் போடுவாரு" என்றார் பதிவாளர். "தேறிட்டீங்க. அடுத்தவரக் கூப்பிடுங்க."

மாஸ்டருக்குத் தேர்வு தளத்தில். பன்னிரண்டு பெண்களும் காலையிலேயே வந்து நின்றிருந்தார்கள். என்ன நடக்கப்போகிறதென்று அவர்களுக்குத் தெரியும். இந்த அவமானத்தை எப்படிப் பார்ப்பது என்று கோச் சமையலறைப் பக்கம் ஒதுங்கி, அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மாஸ்டர் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார். வேறு இடமில்லை. விசிலைக் கையில் கொடுத்தார்கள். ஊதினார். அந்தச் சின்னக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கண்ணு பந்துல இல்ல! எதிராளி இடுப்புல! பந்து பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது!"

கோச் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். அது அவருடைய வாக்கியம்.

"நெட்டச்சி, முட்டிய மடக்கு! பின்னால நாற்காலி இருக்கற மாதிரி உக்காரு! இன்னும்! நாற்காலிய எடுத்துட்டாங்க, விழாத!" நெட்டச்சி என்பது கேப்டனுக்கு கோச் வைத்த பெயர். அவள் முதலில் சிரித்தாள். பிறகு முட்டியை மடக்கினாள். மாஸ்டர் தளத்தைக் குறுக்காக நடந்தார், இடது காலை லேசாக இழுத்து இழுத்து. அவருக்குக் காலில் ஒரு கோளாறும் கிடையாது. பயிற்சி என்றால் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார் போல.

மூன்று பேர் பாஸ் செய்தபடி ஓடி, பந்தை வளையத்தில் போட்டார்கள். அழகான ஓட்டம். கோச் யாரையும் வாய்விட்டுப் பாராட்டியது கிடையாது. ரொம்பப் பிடித்துவிட்டால் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அதற்காகப் பெண்கள் வருஷக்கணக்காகக் காத்திருப்பார்கள். மாஸ்டர் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். போட்டுக்கொண்டார்.

பெண்கள் தளத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள்.

"இவர் யார்கிட்ட கத்துக்கிட்டாரு?" என்று கேட்டார் பேராசிரியர். முதல்வர் வானத்தைப் பார்த்தார்.

கோச் தொட்டிக் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டவர், ஓடாதவர், தாவாதவர், பந்தைத் தொடாதவர், ஒருவர் இருந்திருக்கிறார். பெருமையாக இருந்தது. அதோடு, தன் வேலையைத் தன் கண்ணெதிரே இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவதும் தெரிந்தது.

இருவருக்கும் ஆணை வந்தது. வீட்டில் மாமனார் மாப்பிள்ளையின் ஆணையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நல்ல தாள்" என்றார். "முத்திரை சுத்தமா விழுந்திருக்கு. சமையலர். நிரந்தரம். மாப்பிள்ளை, இனிமே உங்கள யாரும் அசைக்க முடியாது."

"அசைக்க முடியாதுதான் மாமா. எழுந்திரிக்கவும் முடியாது."

"என்ன சொல்றாரு இவரு?"

மனைவிதான் விளக்கினாள். விளையாட்டுச் சங்கத்திலிருந்து புதிதாக ஒரு சுற்றறிக்கை. இந்த வருஷம் முதல், கோச்சின் நியமன ஆணை நகலை இணைக்காவிட்டால் அணியைச் சேர்க்கமாட்டார்கள். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் எழுந்து நிற்க உரிமை கோச்சுக்கு மட்டும்தான். டைம்-அவுட் கேட்பதும் அவர்தான். கூட வருகிற மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இவர் போகலாம், 'அணியின் சமையலர்' என்று பெயர் கொடுத்து.

"உக்காந்துக்கிட்டே சொல்லிக் குடுக்கறது" என்றார் மாமனார். "நான் முப்பது வருஷம் உக்காந்துதான் வேலை பாத்தேன்."

"அவரால உக்கார முடியாதுப்பா. டாய்லெட்லகூட" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

பயிற்சி எப்போதும்போலத்தான் நடந்தது. காலையும் மாலையும் கோச் தளத்தில், மாஸ்டர் அடுப்பில். பதிவாளர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "பேப்பர் பேப்பரா இருக்கட்டும், முட்டை முட்டையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரையிறுதி ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கூரை போட்ட பெரிய அரங்கம், வேர்வையும் ரப்பரும் கலந்த வாடை. பெஞ்சுக்கு முன்னால் மாஸ்டர் நின்றார், கழுத்தில் கோச் என்ற அட்டையோடு. அவருக்குப் பின்னால் நாற்காலியில் கோச். அட்டையில்: சமையலர். இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். சட்டையின் இடதுபக்கம் இழுத்தால் ஆள் மாற்று. வலதுபக்கம் இழுத்தால் டைம்-அவுட். நடுவில் இழுத்தால் கத்து.

முதல் பாதி முடிவதற்குள் மாஸ்டரின் சட்டை வெளியே வந்துவிட்டது.

"சார், மெதுவா. பட்டன் போகுது."

"டிஃபென்ஸ் போயிடுச்சு மாஸ்டர், பட்டன் பெருசா?"

"என்ன கத்தணும்?"

"இடுப்பு, இடுப்பு!"

"இடுப்பு!" என்று அரங்கம் அதிரக் கத்தினார் மாஸ்டர். எதிரணி கோச் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைசி நிமிடம். இவர்கள் இரண்டு புள்ளி முன்னால். பதினான்கு நொடி. பந்து கேப்டனிடம். எதிரணிப் பெண் ஒருத்தி பந்தைத் தொட முடியாத ஆத்திரத்தில் கேப்டனின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். கேப்டன் இரண்டடி தள்ளிப் போய் ஒரு காலை ஊன்றி நின்றாள், பந்தை விடவில்லை. நடுவர் அந்தச் சமயம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் இல்லை.

கோச்சின் கை மாஸ்டர் சட்டையின் நடுப்பக்கம் போயிற்று. மாஸ்டர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்தபடியே கோச் எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியாது. எல்லைக் கோட்டில் ஒரு கால், தளத்துக்குள் ஒரு கால்.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? முதுகுல தள்றா, முதுகுல! என் பொண்டாட்டிகிட்ட வாங்க, சும்மாவே டெஸ்ட் பண்ணிச் சொல்வா!"

விசில் வந்தது. பெஞ்சின் நடத்தைக்காக டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. போட்டுவிட்டார்கள். ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

கோச் நாற்காலியில் விழுந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "போச்சு மாஸ்டர். நானே கெடுத்துட்டேன்."

பந்து மறுபடி இவர்களிடம். பதினான்கு நொடி. மாஸ்டர் சட்டையை யாரும் இழுக்கவில்லை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தானே டைம்-அவுட் கேட்டார். பெண்கள் சுற்றி வந்தார்கள். மாஸ்டர் அவர்களை விலக்கி, குனிந்து, கோச்சின் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"சார், இதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. மெஸ் ஜன்னல்ல இந்த மூலை தெரியாது."

கோச் நிமிர்ந்தார். பன்னிரண்டு முகம். "பந்த யாரும் வெச்சிருக்காதீங்க" என்றார். "ஒரு நொடி. அடுத்தவ. ஒரு நொடி. அடுத்தவ. சூடான பாத்திரம் மாதிரி."

அப்படியே செய்தார்கள். பதினான்கு பாஸ். எதிரணி பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. மணி அடித்தது.

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தபோது, நடுவர் இரண்டு பேரையும் மேசைக்குக் கூப்பிட்டார். தலை நரைத்த மனிதர், கோச்சைத் தோட்டக்கார நாட்களிலிருந்து பார்ப்பவர். முன்னால் ஆட்டத்தாள், பக்கத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் படிவம்.

"இத எழுதியாகணும். யாரு மேல எழுதறது?"

"என் மேல எழுதுங்க" என்றார் மாஸ்டர். "நான்தான் கோச். அட்டையப் பாருங்க."

"எழுந்தது நான். திட்டினது நான்" என்றார் கோச். "மாஸ்டர், நீங்க சும்மா இருங்க."

"சார், ஆர்டர் என் பேர்ல இருக்கு."

"வாய் என்னோடது."

நடுவர் இரண்டு அட்டைகளையும் பார்த்தார். "சட்டப்படி பெஞ்சுல யாரு தப்புப் பண்ணாலும் பழி கோச் மேலதான். ஆனா தடை, பண்ணின ஆளுக்குத்தான். பேரு, பதவி எல்லாம் போடணும்." பேனாவை எடுத்தார். கோச்சைப் பார்த்தார். "முதுகுல தள்ளினதப் பாத்து ஒரு சமையல்காரர் இப்படிக் கத்துவாருன்னு எழுதினா, மேல இருக்கறவங்க என்னப் பாத்துச் சிரிப்பாங்க. நான் கண்ணால பாத்தத எழுதறேன்."

எழுதினார். கோச்சின் முழுப் பெயர். பக்கத்தில், பதவி என்ற இடத்தில்: பயிற்சியாளர். கீழே குற்றம்: எல்லைக் கோட்டைத் தாண்டி நடுவரின் பார்வையைக் குறித்து இழிவாகப் பேசியது. தண்டனை: ஒரு ஆட்டம் தடை. முத்திரையை ஊதிவிட்டுக் குத்தினார்.

"ஃபைனலுக்கு அரங்கத்துக்குள்ளயே வரக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

"ஒத்துக்கறீங்களா, மேல்முறையீடு பண்றீங்களா? எழுதினது தப்புன்னா இப்பவே சொல்லலாம்."

"ஒரு எழுத்து தப்பில்ல" என்றார் கோச். "எங்க கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்துப் போட்டார். சமையலர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், இதுல எனக்கு நகல் உண்டுதானே?"

"உண்டு. ஒண்ணு."

"ரெண்டா குடுங்க" என்றார் கோச்.